பிடிக்கிறது வேற, வேணும்ங்கிறது வேற

எங்க சித்தப்பா ஒருத்தர் குடிக்கும்போது பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். நிலவேம்பு கஷாயம் குடிக்கிற குழந்தை மாதிரி மூஞ்சி சுருங்கும், கண்ண இறுக்கி மூடிக்குவாரு, ஒரே மடக்குல உள்ள தள்ளிட்டு உடனே ஊறுகாய எடுத்து நக்குவாரு. ஒரு நாள் கேட்டே விட்டேன், "ஏன் சித்தப்பா, இவ்ளோ கஷ்டப்பட்டு எதுக்கு குடிக்கணும்?" அதுக்கு அவரு, "பிடிச்சா குடிக்கிறேன்? வேண்டியிருக்குடா"ன்னாரு. போதைல உளறுறாருன்னு அப்ப விட்டுட்டேன். ரொம்ப வருஷம் கழிச்சு மூளை பத்தி அங்க இங்க படிக்க ஆரம்பிச்சப்பதான் உறைச்சுது, விஞ்ஞானிங்க எலியோடயும் குரங்கோடயும் பல வருஷம் மல்லுக்கட்டி கண்டுபிடிச்சத மனுஷன் ஊறுகாய நக்கிட்டே சொல்லிருக்காரு.

பிடிக்கும், வேணும். ரெண்டும் ஒண்ணுதான்னு நாம சாதாரணமா நினைக்கிறோம், ஏன்னா பெரும்பாலும் ரெண்டும் ஒண்ணாவே வருது, மாம்பழம் பிடிக்கும் அதனால வேணும். ஆனா மூளைக்குள்ள இதுக்கு ரெண்டு தனித்தனி ஏற்பாடு இருக்கு. அடிக்‌ஷன்னு சொல்றோமே அந்த நிலைல, இந்த ரெண்டும் ஒண்ண விட்டு ஒண்ணு பிரிஞ்சு போயிருது. இத புரிஞ்சுக்கணும்னா முதல்ல டோபமைன் பத்தி நம்ம மண்டைல ஏத்தி வச்சிருக்கிற ஒரு தப்ப இறக்கணும்.

யூடியூப்ல எந்த வீடியோவ தட்டுனாலும் டோபமைன்னா "சந்தோஷ ஹார்மோன்"ங்கிறாங்க. லட்டு சாப்பிட்டா டோபமைன், லைக் விழுந்தா டோபமைன், அது சுரந்தா ஜாலி, அவ்ளோதான் கதை. பாதி கூட சரி இல்ல. மூளைல சுமார் 8,600 கோடி நரம்பு செல் இருக்கு, ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவுல மயிரிழையை விட ரொம்ப ரொம்ப சின்ன இடைவெளி, அந்த இடைவெளிய தாண்டி சேதி கொண்டு போற ரசாயனங்கள்ல டோபமைனும் ஒண்ணு. அத தயாரிக்கிற செல்லு மொத்தமே சில லட்சம்தான், பெரும்பாலும் மூளையோட நடுப்பகுதில அடியில இருக்கு. எண்ணிக்கைல கொஞ்சம்னாலும் அங்கேருந்து கிளம்புற இழைங்க மூளையோட பல பகுதிக்கும் பரவிக் கிடக்கு, ஊர்ல நாலே பேரு ஆனா எல்லா வீட்டுலயும் அவங்க பேச்சுதான்ங்கிற மாதிரி.

இந்த டோபமைன முதல்ல யாரும் மதிக்கவே இல்ல. வேற ஒரு ரசாயனம் செய்றதுக்கு நடுவுல வர்ற மூலப்பொருள்னுதான் 1957 வரைக்கும் நினைச்சிட்டு இருந்தாங்க. அந்த வருஷம் ஸ்வீடன்ல அர்விட் கார்ல்சன்னு ஒருத்தர் முயலுக்கு ரெசர்பின்னு ஒரு மருந்து குடுத்தாரு. ரெசர்பின் எங்கேருந்து வந்துச்சுன்னா, நம்ம ஊர் சர்ப்பகந்தா வேர்ல இருந்து. நாட்டு வைத்தியத்துல ரொம்ப காலமா பித்து பிடிச்சவங்களுக்கும் தூக்கம் வராதவங்களுக்கும் குடுத்துட்டு இருந்த வேரு அது. பம்பாய்ல ரஸ்டம் ஜல் வக்கீல்னு ஒரு இதய டாக்டர் ரத்தக்கொதிப்புக்கு அத குடுத்துப் பாத்து 1949ல ஒரு இங்கிலாந்து மருத்துவ இதழ்ல எழுதுனாரு, அதுக்கப்புறம்தான் உலகமே திரும்பிப் பாத்துச்சு. சரி, முயலுக்கு வருவோம். ரெசர்பின் உள்ள போனதும் முயல் அப்படியே கல்லு மாதிரி கிடக்குது, காது தொங்கிப்போச்சு, தள்ளுனாலும் நகரல. அப்புறம் உடம்புக்குள்ள டோபமைனா மாறுற எல்-டோபான்னு ஒரு பொருள ஊசில ஏத்துனாரு, கொஞ்ச நேரத்துல முயல் எந்திரிச்சு நடக்குது. அதாவது டோபமைன் இல்லன்னா முயலுக்கு சோகம் வரல, அசையவே முடியல. இந்த வேலைக்கு அவருக்கு 2000ல நோபல் பரிசு குடுத்தாங்க. இந்த முயல ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அப்ப "சந்தோஷ ரசாயனம்"ங்கிற பேரு எப்படி வந்துச்சு? அதுக்கு காரணம் கொஞ்சம் குறி தப்புன ஒரு கம்பி. 1954ல கனடால மாண்ட்ரியல், மெக்கில் யுனிவர்சிட்டில ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர்னு ரெண்டு பேரு எலியோட மூளைக்குள்ள மெல்லிசா கம்பி வச்சு லேசா கரண்ட் குடுத்துப் பாத்தாங்க. ஒரு எலிக்கு கம்பி நினைச்ச இடத்துல இறங்காம வேற இடத்துல போய் நின்னுருச்சு. அந்த எலி மட்டும் விசித்திரமா, பெட்டிக்குள்ள எந்த மூலைல கரண்ட் வாங்குச்சோ அதே மூலைக்கு திரும்பத் திரும்ப வந்து நிக்குது, இன்னொண்ணு குடுய்யாங்கிற மாதிரி. அடுத்து ஒரு லிவர வச்சு, நீயே அழுத்தி நீயே வாங்கிக்கோன்னு விட்டாங்க. எலிங்க மணிக்கு ஆயிரக்கணக்குல அழுத்துச்சு, அசந்து விழற வரைக்கும் அழுத்துச்சு, பின்னாடி வேற ஆளுங்க பண்ண சோதனைல பட்டினி கிடந்த எலி கூட சாப்பாட்ட விட்டுட்டு லிவர் பக்கம் போச்சு. பாத்தவங்க எல்லாரும் ஆஹா மூளைல இன்ப மையம் கண்டுபிடிச்சாச்சுன்னு எழுதிட்டாங்க. அந்த வழித்தடத்துல ஓடுறது டோபமைன்னு அப்புறம் தெரிஞ்சதும் ரெண்டையும் கூட்டிப் போட்டு டோபமைன்னா இன்பம்னு முடிச்சிட்டாங்க.

ஆனா யோசிச்சுப் பாருங்க, எலி சந்தோஷமா இருந்துச்சுன்னு யாரு சொன்னா? அது விடாம அழுத்துச்சு, அது மட்டும்தான் நமக்குத் தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு ரீல்ஸ் தள்ளிட்டு இருக்கிற மூஞ்சிய ஒரு தடவ கண்ணாடில பாருங்க, சந்தோஷமா இருக்கிற மூஞ்சியா அது?

இத சோதிச்சவர் அமெரிக்கால மிச்சிகன் யுனிவர்சிட்டில கென்ட் பெர்ரிட்ஜ். அவருக்கு எலியோட மூஞ்சிய படிக்கத் தெரியும், நிஜமாவே. பச்சக்குழந்தை வாயில சர்க்கரைத் தண்ணி விட்டா நாக்க வெளிய நீட்டி சப்புக்கொட்டும், கசப்ப விட்டா வாயப் பொளந்து மூஞ்ச கோணும், எலியும் கிட்டத்தட்ட அதேதான் பண்ணும். டோபமைன்தான் இன்பம்னா, டோபமைன எடுத்துட்டா எலி சப்புக்கொட்டக் கூடாதுல்ல? 1980கள்ல அவரும் அப்படித்தான் எதிர்பார்த்தாரு. டோபமைன் கிட்டத்தட்ட முழுசா அழிஞ்ச எலிங்க, அதுங்க தானா எந்திரிச்சுப் போய் சாப்பிடாது, முன்னாடி சாப்பாடு இருந்தும் பட்டினி கிடந்து செத்துப்போகும், நாமதான் ஊட்டணும். ஆனா சர்க்கரைத் தண்ணிய வாயில விட்டா? அதே சப்புக்கொட்டல், அதே நாக்கு. ருசி அப்படியே இருக்கு, பிடிச்சிருக்கு, ஆனா "வேணும்"ங்கிறது மட்டும் காணாம போச்சு. எதிர்ப்பக்கமாவும் பாத்தாங்க, டோபமைன கூட்டுனா எலி வழக்கத்த விட நிறைய திங்குது, ஆனா சப்புக்கொட்டுறது கூடல. ருசிச்சு அனுபவிக்கிற வேலைக்கு மூளைல வேற சின்னச் சின்ன புள்ளிங்க இருக்கு, அங்க நடக்கிறது முக்கியமா நம்ம உடம்பே செய்ற அபின் மாதிரியான ரசாயனங்களோட வேலை. அந்தப் புள்ளிங்க ரொம்பச் சின்னது, சீக்கிரம் ஓய்ஞ்சிரும். "வேணும்"ங்கிற ஏற்பாடு பெருசு, லேசுல ஓயாது. கடவுளோ பரிணாமமோ யாரோ இப்படி கட்டி வச்சிருக்காங்க, திருப்தி ஆயிட்டா உக்காந்துருவோம்ல, உக்காந்தா அடுத்த வேளைக்கு யாரு போறது.

சரி, டோபமைன் எப்ப துடிக்குது? இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் பண்ணது, சுவிட்சர்லாந்துல. குரங்கோட டோபமைன் செல்லு ஒவ்வொண்ணா என்ன பண்ணுதுன்னு கேட்டுட்டே இருந்தாரு. குரங்கு வாயில திடீர்னு ஒரு சொட்டு ஜூஸ் விட்டா செல்லு படபடன்னு அடிக்குது. சரி, இன்பம்தானேன்னு தோணும். அடுத்து, ஜூஸுக்கு முன்னாடி ஒரு லைட் எரிய வச்சு பழக்குனாரு. கொஞ்ச நாள்ல என்ன ஆச்சுன்னா செல்லு லைட்டுக்கு அடிக்குது, ஜூஸ் வரும்போது கம்முன்னு இருக்கு, அதே ஜூஸ், அதே ருசி, ஆனா ஒரு ரியாக்‌ஷனும் இல்ல. மூணாவதா லைட்ட போட்டுட்டு ஜூஸ் குடுக்கல. சரியா ஜூஸ் வர வேண்டிய அந்த நொடில செல்லு இருந்த சத்தத்தையும் நிறுத்திருச்சு.

தீபாவளி போனஸ் மாதிரிதான் இது. முதல் வருஷம் எதிர்பாக்காம குடுத்தா முதலாளி தெய்வம். ரெண்டு மூணு வருஷம் போனா, போனஸ் லிஸ்ட் போட்டாச்சாம்னு ஆபீஸ்ல பேச்சு வந்த உடனே மனசு குதிக்கும், கைல காசு வரும்போது "வழக்கமா குடுக்கிறதுதானே". ஒரு வருஷம் குடுக்கலன்னா அன்னிக்கு மூஞ்சிய பாக்கணும். காசு ஒண்ணுதான், மாறுனது எதிர்பார்ப்பு. டோபமைன் அளக்கிறது கிடைச்சத இல்ல, எதிர்பார்த்ததுக்கும் கிடைச்சதுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்த. எதிர்பார்த்தத விட நல்லா இருந்தா "இத குறிச்சு வச்சுக்கோ, மறுபடி வேணும்", கம்மியா இருந்தா "இது வேலைக்காகாது". அதாவது அது ஒரு வாத்தியார். 1997ல இந்தக் கணக்க கட்டுரையா போட்டாங்க, இன்னிக்கு கம்ப்யூட்டருக்கு விளையாட்டு கத்துக்குடுக்கிற முறைல ஒண்ணும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

ஷுல்ட்ஸ் ஆளுங்க 2003ல இன்னொண்ணும் பாத்தாங்க. ஜூஸ் கண்டிப்பா வரும்னாலும், கண்டிப்பா வராதுன்னாலும் லைட்டுக்கும் ஜூஸுக்கும் நடுவுல இருக்கிற காத்திருப்புல செல்லு பெருசா அலட்டிக்கல, வருமா வராதான்னு பாதிக்குப் பாதி இருக்கும்போதுதான் அந்தக் காத்திருப்பு பூரா உச்சத்துல துடிச்சிட்டே இருந்துச்சு. ஆன்லைன் ரம்மில வீட்டு நகைய வச்சவன்கிட்ட கேட்டா அவன் தோத்ததையும் சொல்ல மாட்டான் ஜெயிச்சதையும் சொல்ல மாட்டான், "கடைசி ஆட்டத்துல கொஞ்சத்துல போச்சு"ன்னு அதைத்தான் சொல்லுவான். ரீல்ஸும் அதே கடைதான், பத்துல ஒண்ணு நல்லா இருக்கும், எந்த ஒண்ணுன்னு தெரியாது, அதுக்காகத்தான் விரல் போகுது.

இங்க ஒரு சின்ன விலகல். இப்ப "டோபமைன் டீடாக்ஸ்"னு ஒண்ணு கிளம்பிருக்கு, ஒரு நாள் பூரா போன் இல்ல, பாட்டு இல்ல, நல்ல சாப்பாடு இல்ல, டோபமைன் காலி ஆகி மூளை ஃப்ரெஷ் ஆயிடும்னு. போன தூக்கி வைக்கிறது நல்லதுதான், தாராளமா வைங்க. ஆனா டோபமைன காலி பண்ணா நீங்க ஞானி ஆக மாட்டீங்க, கார்ல்சனோட முயல் மாதிரி காது தொங்கிப் போய் கிடப்பீங்க.

டோபமைன் மனுஷனுக்குள்ள என்ன பண்ணும்ங்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்சு ரொம்ப பயங்கரமான சாட்சி பார்க்கின்சன்ஸ் நோயாளிங்க. அந்த நோய்ல டோபமைன் செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா சாகும், கை நடுங்கும், நடை சுருங்கும். சிகிச்சைக்கு டோபமைன் மாதிரியே நடிக்கிற மாத்திரைங்க இருக்கு, ப்ராமிபெக்ஸோல், ரோபினிரோல். உடம்பு நல்லா அசைய ஆரம்பிக்கும். ஆனா சிலருக்கு, வாழ்க்கைல சீட்டுக்கட்ட கைல தொடாத மனுஷனுக்கு, அறுபது வயசுல சூதாட்டப் பித்து பிடிச்சுக்கும், இல்லன்னா கட்டுப்பாடே இல்லாம சாமான் வாங்கிக் குவிப்பாரு, சாப்பாட்டு மேலயோ உடலுறவு மேலயோ அடங்காத வெறி வரும். அமெரிக்காலயும் கனடாலயும் 3,000க்கு மேல நோயாளிங்கள வச்சு பண்ண ஆய்வு ஒண்ணு 2010ல வந்துச்சு, இந்த வகை மாத்திரை எடுக்கிறவங்கள்ல நூத்துக்கு 17 பேருக்கு இப்படி ஏதோ ஒண்ணு இருந்துச்சு, எடுக்காதவங்கள்ல 7 பேருக்கு. டோஸ குறைச்சா பல பேருக்கு அந்தப் பித்தும் இறங்கிருது. அறுபது வருஷமா கட்டிக் காத்த ஒழுக்கம்னு நாம நினைக்கிறது ஒரு மாத்திரைல ஆட்டம் காணுதுன்னா, அடுத்தவன பாத்து "மனக்கட்டுப்பாடு இல்லாத பய"ன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நாக்கு கூசத்தான் செய்யுது. (வீட்ல யாராவது இந்த மாத்திரை எடுத்தா இத படிச்சிட்டு நிறுத்திராதீங்க, டாக்டர்கிட்ட மட்டும் சொல்லுங்க.)

இப்ப போதைக்கு வருவோம். கொக்கைன் போயி, வெளிய வந்த டோபமைன செல்லு திரும்ப உறிஞ்சிக்கிற வழிய அடைச்சிரும். நிக்கோடின் நேரா டோபமைன் செல்ல போய் தட்டும், ஒரு இழுப்பு இழுத்தா சில நொடில மூளைக்கு வந்துரும். ஹெராயின் டோபமைன் செல்ல அடக்கி வச்சிருக்கிற காவல்காரன தூங்க வச்சிரும், சாராயமும் பல வழில கடைசியா அங்கதான் வந்து சேரும். வழி வேறவேற, முடிவு ஒண்ணுதான், டோபமைன் எகிறும். ஷுல்ட்ஸோட குரங்குக்கு ஜூஸ் பழகுனதும் செல்லு அடங்கிருச்சுல்ல, போதைல அது நடக்காது. ஏன்னா எதிர்பார்த்தாலும் எதிர்பாக்காட்டியும் ரசாயனமே நேரா போய் செல்ல உலுக்குது. ஒவ்வொரு தடவையும் வாத்தியார் "எதிர்பார்த்தத விட பிரமாதம், குறிச்சு வச்சுக்கோ"ன்னு கத்துறாரு, பாடம் முடியவே மாட்டேங்குது. அந்த மூணாவது மாடி, அந்த நண்பன், சம்பள நாளு, சாயங்காலம் ஆறு மணி வெயிலு, எல்லாமே அந்தக் குரங்குக்கு ஜூஸுக்கு முன்னாடி எரிஞ்ச லைட் மாதிரி ஆயிடும். சித்தப்பாவுக்கு முதல் மடக்குலயே இல்ல, சோடா பாட்டில் திறக்கிற சத்தத்துலயே முகம் மாறும், நான் பாத்திருக்கேன், பேசிட்டு இருக்கிறவரு அந்தச் சத்தம் கேட்டதும் வாக்கியத்த பாதியில விட்டுருவாரு.

ஒரு பக்கம் "வேணும்" ஏறிட்டே போகுது. இன்னொரு பக்கம் "பிடிக்கும்" இறங்குது, ஏன்னா மூளை எதையும் சமப்படுத்தப் பாக்கும். தினமும் யாராவது வாசல்ல நின்னு கத்துனா ஜன்னல சாத்துறோம்ல, அந்த மாதிரி டோபமைன வாங்குற ஏற்பிகள மூளை குறைச்சுக்கும். நோரா வோல்கோவ்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஸ்கேன் எடுத்துக் காட்டுனாங்க, கொக்கைன் ஆகட்டும் சாராயம் ஆகட்டும், ரொம்ப நாள் பழகுனவங்க மூளைல ஒரு வகை டோபமைன் ஏற்பி மத்தவங்கள விட கம்மி, நிறுத்தி மாசக்கணக்கானாலும் உடனே ஏறல. இதோட விளைவு என்னன்னா போதைல கிடைக்கிற சந்தோஷம் மட்டும் குறையல, சாதாரண சந்தோஷமும் சேந்து குறையுது. புள்ள பரீட்சைல மார்க் வாங்கிட்டு வந்தா, மழை பேஞ்சா, வீட்ல மீன் குழம்பு வச்சா, ஒண்ணும் ஏறாது. வீட்ல இருக்கிறவங்க "எங்க மேல பாசமே இல்ல"ன்னு அழுவாங்க. பாசம் எங்கயும் போயிருக்காது, அத உணர்ற ஜன்னல்தான் சாத்திக் கிடக்கும்.

இதுக்கு மேல ஸ்ட்ரெஸ். ஆபத்துன்னு தெரிஞ்சா மூளை சிஆர்எஃப்னு ஒரு ரசாயனத்த விடும், அதுல இருந்து சங்கிலி மாதிரி போயி சிறுநீரகத்துக்கு மேல உக்காந்திருக்கிற சுரப்பில கார்ட்டிசால் வெளிய வரும், நெஞ்சு படபடக்கும். பாம்ப பாத்தா இது நல்லது. நாள்பட்ட போதைல என்ன ஆகும்னா, போதை இறங்குற ஒவ்வொரு தடவையும் இதே மணி அடிக்கும், பாம்பே இல்லாம. ஜார்ஜ் கூப்னு ஒரு ஆராய்ச்சியாளர் இத ரொம்ப அழுத்திச் சொல்றவரு. ஆரம்பத்துல நல்லா இருக்கணும்னு குடிப்பாங்க, பின்னாடி மோசமா இல்லாம இருக்கணும்னு குடிப்பாங்க, எந்தத் தேதில மாறுச்சுன்னு குடிக்கிறவருக்கே தெரியாது. மனச்சோர்வு, பதட்டம், தூக்கமின்மைன்னு ஏற்கனவே தவிக்கிறவங்க இந்தக் குழில சீக்கிரம் விழறதும் இதனாலதான், மருந்தா நினைச்சு குடிக்கிறாங்க, அதுவே நோய பெருசாக்குது. இத்தனையும் நடக்கும்போது "டேய் வேணாம்"னு பிடிச்சு நிறுத்த வேண்டிய முன்மூளைப் பகுதி ஸ்ட்ரெஸ்ல முதல்ல வலுவிழக்கும். அது முழுசா முதிர்றதே இருபத்தஞ்சு வயசு வாக்குலதான், பதினஞ்சு வயசுல ஆரம்பிக்கிற பையனுக்கு ஏன் இவ்ளோ ஆபத்துன்னு இதுலயே தெரியும்.

சாராயத்துல இன்னொரு தனி சிக்கல் இருக்கு, இத கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். பொங்கலுக்கு கயிறு இழுக்கிற போட்டி பாத்திருப்பீங்க. எதிராளி இழுக்க இழுக்க நாமளும் உடம்ப சாய்ச்சு அதே பலத்துல இழுக்கிறோம், கயிறு நடுவுல அப்படியே நிக்கும். எதிராளி திடீர்னு கயிற விட்டா? பொத்துன்னு பின்னாடி விழறோம். சாராயம் மூளைய அமைதிப் பக்கம் இழுக்கும், வருஷக்கணக்கா இழுத்தா மூளையும் சமத்துக்கு பரபரப்புப் பக்கம் சாய்ஞ்சு நிக்க பழகிக்கும். ஒரே நாள்ல குடிய நிறுத்துனா கயிற விட்ட கதைதான், முதல்ல கை நடுக்கம், வேர்வை, தூக்கம் வராது, ஒண்ணு ரெண்டு நாள்ல சிலருக்கு வலிப்பு வரும், ரெண்டு மூணு நாள்ல சிலருக்கு புத்தி பேதலிச்சு செவுத்துல பூச்சி ஊர்றதா கத்துவாங்க. இது உயிருக்கே ஆபத்து. 2020 மார்ச்ல ஊரடங்கு போட்டு ஒரே ராத்திரில கடைய மூடுனப்ப இது ஊர் முழுக்க நடந்துச்சு. கேரளால டாக்டர் சீட்டு இருந்தா சரக்கு குடுக்கலாம்னு அரசாங்கம் உத்தரவே போட்டு, டாக்டருங்க எதிர்த்து, ஹைகோர்ட் தடை போட்டுச்சு. அதனால தினமும் நிறைய குடிக்கிற ஆள "இன்னியோட நிறுத்து"ன்னு ரூம்ல போட்டுப் பூட்டாதீங்க. ஆஸ்பத்திரில வச்சு மருந்து குடுத்து, பி1 வைட்டமின் ஏத்தி, கயிற மெதுவா விடுவாங்க, அதுக்கு அஞ்சாறு நாளோ ஒரு வாரமோதான் ஆகும்.

அப்ப ஒரு தடவ விழுந்தா அவ்ளோதானா? இதுக்கு பதில் வியட்நாம்ல இருக்கு. 1971ல அமெரிக்காவே ஆடிப்போச்சு, அங்க சண்டை போட்டுட்டு இருந்த சிப்பாய்ங்கள்ல அவ்ளோ பேரு ஹெராயினுக்கு அடிமை ஆயிட்டாங்கன்னு. ஊருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி மூத்திரம் சோதிச்சாங்க, சுத்தமா இருந்தாதான் விமானம். லீ ராபின்ஸ்னு ஒரு அம்மா திரும்பி வந்தவங்கள தேடிப் போயி விசாரிச்சாங்க. சுமார் அஞ்சுல ஒருத்தர் அங்க அடிமையா இருந்ததா சொன்னாங்க. ஆனா அப்படி இருந்தவங்கள்ல ஊருக்கு வந்த முதல் வருஷத்துல மறுபடி அடிமை ஆனது நூத்துக்கு 5 பேரு, மூணு வருஷத்துல பாத்தாலும் 12 பேருதான். யாரும் நம்பல, ராபின்ஸ திட்டுனாங்க. ஆனா லைட்டையும் ஜூஸையும் நினைச்சுப் பாத்தா புரியுது, காடு, பயம், கூட்டாளிங்க, சல்லிசா கிடைச்ச சரக்கு, எல்லா லைட்டும் ஒரே நாள்ல பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. ஆனா நம்ம ஊர்ல டீஅடிக்‌ஷன் சென்டர்ல ஒரு மாசம் இருந்துட்டு வர்றவரு எங்க திரும்பி வர்றாரு? அதே தெரு, அதே முக்கு, அதே செட்டு, அதே சம்பள நாள். அவரோட வியட்நாம் வீட்டுக்கு எதுத்தாப்ல இருக்கு. அப்புறம் ரெண்டு மாசத்துல மறுபடி ஒரு குவார்ட்டர் போட்டா "காசு தண்டம், இவன் திருந்த மாட்டான்". போதை சிகிச்சைக்கு அப்புறம் மறுபடி வழுக்குறவங்க நூத்துக்கு 40ல இருந்து 60ங்கிறாங்க, ரத்தக்கொதிப்பு நோயாளிங்க மாத்திரைய விட்டு மறுபடி ஏத்திக்கிறதும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். பிபி ஏறுனா யாரும் சத்தியம் வாங்குறதில்ல, டோஸ மாத்துறோம்.

மருந்தும் இருக்கு. நால்ட்ரெக்சோன் குடிச்சா வர்ற சுகத்த மட்டுப்படுத்தும், அகாம்ப்ரோசேட் நிறுத்துன அப்புறம் வர்ற பரபரப்ப தணிக்கும். டைசல்ஃபிராம் வேற மாதிரி, அது போதை ஆசைய குறைக்காது, அத எடுத்துட்டு குடிச்சா உடம்புல சாராயம் பாதியில விஷமா நின்னுரும், மூஞ்சி செவக்கும், வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிபி இறங்கும், சில நேரம் உயிரே போகும். "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம், சாப்பாட்டில் கலந்து கொடுக்கவும்"னு பஸ்ஸுக்குள்ள ஒட்டிருக்கிற நோட்டீஸ் பாத்திருப்பீங்க. அந்தப் பொடில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் மாத்திரையவே யாராவது அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுத்தா, குடிக்கப் போறவருக்கு தான் என்ன பண்றோம்னே தெரியாது. டாக்டர் கூட நோயாளிகிட்ட முழுசா சொல்லி சம்மதம் வாங்கிட்டுதான் அத எழுதுவாரு. அக்கா தங்கச்சிங்களா, கோபமும் அழுகையும் புரியுது, ஆனா இத மட்டும் பண்ணாதீங்க.

2019ல மத்திய அரசு வெளியிட்ட கணக்குப்படி இந்தியால சாராயத்துக்கு அடிமை ஆனவங்கள்ல 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. மிச்சம் 37 பேருக்கு நோட்டீஸும் கோயில் கயிறும்தான். 14446ங்கிறது போதை மீட்புக்கான அரசு இலவச எண், மனசு சரியில்லன்னா 14416, இதுல தமிழ்ல பேசலாம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநல டாக்டர் இருப்பாரு, சீட்டு போட்டுட்டு போய் உக்காரலாம், யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க.

சித்தப்பா நிறுத்தி இந்த ஆடியோட ஒரு வருஷம் நாலு மாசம் ஆகுது, நடுவுல ரெண்டு தடவ வழுக்குனாரு, அத கழிச்சுட்டுதான் கணக்கு சொல்றாரு. மில்லுல இருந்து வீட்டுக்கு நேர் ரோடு ஒண்ணு இருக்கு, அத விட்டுட்டு ரயில்வே கேட் சுத்திதான் சைக்கிள்ல வர்றாரு, இருபது நிமிஷம் கூடுதல். போன பொங்கலுக்கு மட்டன் கொஞ்சம் அதிகமாயிருச்சுன்னு பெரியப்பா கோலி சோடா வாங்கிட்டு வந்தாரு. எல்லாரும் உக்காந்து பேசிட்டு இருந்தோம், சித்தப்பா ஏதோ நெல்லு விலை பத்தி சொல்லிட்டு இருந்தாரு. பின்னாடி டப்புன்னு கோலி உள்ள விழுற சத்தம். வாக்கியம் பாதியில நின்னுச்சு. ஒரு ரெண்டு மூணு நொடி. அப்புறம் "எங்க விட்டேன்?"ன்னு என்கிட்ட கேட்டாரு, நெல்லு விலைன்னு எடுத்துக் குடுத்தேன், மேல சொல்ல ஆரம்பிச்சாரு.